அத்திபெலேயில் ஐரிஸ் மலர்

ஓசூரைக் கடந்து பெங்களூரை நோக்கி வருகிறவர்கள் கர்நாடக மண்ணில் முதன்முதலாகக் கால்வைக்கும் ஊர் அத்திபெலே. ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த இவ்வூரில், வேலையின் பொருட்டும் வியாபாரத்தின் பொருட்டும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. வீடு எவ்வளவு சிறியதாயினும், வாசலில் நான்கு தொட்டிகளையேனும் வைத்துப் பூ வளர்க்கும் பழக்கம் நம்மவரை விட்டுப் போவதில்லை. துளசியும் மல்லிகையும் கனகாம்பரமும் வைத்தவர்கள், அடுத்தபடியாகப் புதிய மலர் ஒன்றை விரும்புவதும் இயல்பே. அவ்வாறு விரும்பப்படும் மலர்களுள் ஒன்று டச்சு ஐரிஸ். பெங்களூர்ப் பூக்கடைகளிலும் திருமண மேடைகளிலும் நீல நிறத்தில் நிமிர்ந்து நிற்கும் அந்த மலரைப் பார்த்தவர்கள், "இதை நம் வீட்டுத் தொட்டியில் வளர்க்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும், ஆனால் அதற்கென்று சில ஏற்பாடுகளை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். அந்த ஏற்பாடுகள் யாவை, அவை எதற்காக என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

முதலில் மலரைப் பற்றிச் சில வார்த்தைகள். ஐரிஸ் என்பது கிரேக்கர்களின் வானவில் தேவதையின் பெயர். நீலம், ஊதா, வெண்மை, மஞ்சள், வெண்கல நிறம் எனப் பல வண்ணங்களில் பூப்பதால் அப்பெயர் இம்மலருக்கு மிகவும் பொருந்தும். இதன் அமைப்பு சற்று விசித்திரமானது. வெளிப்புறத்து இதழ்கள் மூன்று தாழ்ந்து வளைந்திருக்கும். உட்புறத்து இதழ்கள் மூன்று மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். இவற்றுக்கு இடையே, இதழ்களைப் போலவே தோன்றும் சூல்தண்டின் கிளைகள் மூன்று, தாழ்ந்த இதழ்களின்மேல் கூரைபோலக் கவிந்திருக்கும். ஆகவே ஒரே பூவில் மூன்று வாயில்கள் உண்டு. தாழ்ந்த இதழின் நடுவே ஓடும் மஞ்சள் கோடு, வண்டுக்கு வழி காட்டுகிறது. வண்டு அக்கோட்டைப் பின்பற்றிக் கூரையின் கீழ் நுழையும்போது, அங்கே மறைந்திருக்கும் மகரந்தம் அதன் முதுகில் படிகிறது. அந்த வண்டு அடுத்த பூவின் வாயிலில் நுழையும்போது மகரந்தச் சேர்க்கை நடைபெறுகிறது. பூவைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தைகளுக்கு இதைக் காட்டினால், ஒரு பாடப் புத்தகம் சொல்வதைவிடத் தெளிவாக அவர்களுக்கு விளங்கும்.

இம்மலருக்கு டச்சு ஐரிஸ் என்று பெயர் வழங்கினாலும், இதன் முன்னோர்கள் ஹாலந்து நாட்டில் பிறந்தவை அல்ல. ஸ்பெயின், போர்ச்சுகல் முதலிய நாடுகளில் தானாக வளரும் ஐரிஸ் ஒன்று. வடஆப்பிரிக்காவில், மொராக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரின் பெயரைத் தாங்கிய ஐரிஸ் மற்றொன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹாலந்தின் ஹார்லெம் நகரத்து வான் டியூபெர்கன் என்னும் நாற்றுப் பண்ணையார் இத்தகைய இனங்களைக் கலந்து புதிய வகைகளை உண்டாக்கினார்கள். அவைதாம் டச்சு ஐரிஸ் என்ற பெயரால் உலகெங்கும் பரவின. பிறந்த ஊரின் பெயர் மறைந்து, குடியேறிய ஊரின் பெயர் நிலைத்துவிட்டது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மெக்சிகோ பகுதியிலிருந்து வந்த ஒரு காயை நாம் 'பெங்களூர்க் கத்தரிக்காய்' என்கிறோம். பெங்களூரிலோ அதே காயைச் 'சீமைக் கத்தரிக்காய்' என்று பொருள்படும்படி 'சீமெ பதனெகாயி' என்கிறார்கள். எந்த ஊரின் வழியாக வந்ததோ அந்த ஊரின் பெயரைச் சூட்டிவிடுவது உலக வழக்கு. ஆனால் தோட்டக்காரன் பெயரைப் பார்த்து ஏமாறலாகாது. செடி எந்த மண்ணில் பிறந்தது, அந்த மண்ணில் எம்மாதத்தில் மழை, எம்மாதத்தில் வெயில் என்று விசாரித்த பிறகே அதை நடவேண்டும். இந்த உண்மையை நான் புத்தகங்களிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. என் தாயார் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து கற்றுக்கொண்டேன். அதைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில் பன்னிரண்டு ஐரிஸ் கிழங்குகளை விலைக்கு வாங்கினேன். பொட்டலத்தின்மேல் அழகிய நீல மலரின் படம் இருந்தது. விற்றவர், "நட்டால் முளைக்கும்" என்றார். அவர் சொன்னது பொய்யன்று, பன்னிரண்டும் முளைத்தன. தை பிறந்தது. ஒவ்வொரு கிழங்கிலிருந்தும் மூன்றே மூன்று இலைகள் நீண்டு நின்றன. மொட்டு ஒன்றுகூட இல்லை. அச்சமயத்தில்தான், என் தந்தையார் காலமான பிறகு திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தனியே இருந்த என் தாயாரை அத்திபெலேக்கு அழைத்து வந்திருந்தேன். அவருக்கு இவ்வூர் பிடிக்கவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, பேச ஆளில்லை, ஊருக்குப் போகிறேன் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை, தொட்டிகளின் அருகே வந்து நின்று அந்த இலைகளைப் பார்த்தார். "இது எந்த ஊர்ச் செடி?" என்று கேட்டார். சொன்னேன். "அந்த ஊரில் எந்த மாதம் மழை பெய்யும் என்று விசாரித்தாயா?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் என் பிழை விளங்கிற்று. ஸ்பெயின், மொராக்கோ ஆகிய மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் கோடைக்காலம் கடும் வெயிலும் வறட்சியும் உடையது. அப்போது ஐரிஸ் கிழங்கு மண்ணுக்குள் உறங்குகிறது. இலையுதிர் காலத்தில் மழை தொடங்க, கிழங்கு வேர் விடுகிறது. குளிர்காலத்தில் மழையும் மிதமான குளிரும் சேர்ந்து நிலவ, கிழங்கினுள்ளே பூவின் கரு உருவாகிறது. வசந்தத்தில் பூக்கிறது; பிறகு மீண்டும் உறக்கம். இதுவே அதன் வாழ்க்கை முறை.

இனி அத்திபெலேயின் நிலையைப் பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பீடபூமி இது. மே மாதம் தொடங்கி அக்டோபர் இறுதிவரை மழை பெய்கிறது. செப்டம்பரிலும் அக்டோபரிலும் அது மிகுதி. அதாவது, ஐரிஸ் வறண்ட மண்ணில் உறங்க விரும்பும் காலத்தில்தான் இங்கே மண் ஈரமாக இருக்கிறது. குளிரோ சொற்பம். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். பகலில் 27, 28 டிகிரியை எட்டும். பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அது 1884-ஆம் ஆண்டு ஜனவரியில் நிகழ்ந்தது. நமக்கு இங்குள்ள மார்கழிக் குளிர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளச் சொல்லும்; ஐரிஸ் கிழங்கிற்கு அது குளிராகவே படுவதில்லை. குளிர் கிடைக்காத கிழங்கும், அளவில் சிறுத்த கிழங்கும் மூன்று இலைகளோடு நின்றுவிடும். என் தொட்டிகளில் நிகழ்ந்தது அதுவே.

அப்படியானால் ஹாலந்து நாட்டார் விரும்பிய மாதத்தில் ஐரிஸைப் பூக்கச் செய்வது எவ்வாறு? அந்நாட்டு வாகனிங்கன் நகரில் பேராசிரியராக இருந்த பிளாவ் என்பவர், 1942-இல் காலமாகும் வரை, கிழங்குகளின்மேல் வெப்பநிலை செலுத்தும் ஆதிக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கிழங்கு உறங்குவதாக நாம் நினைக்கும் காலத்திலும், சுற்றியுள்ள வெப்பத்தையும் குளிரையும் உணர்ந்து அது தன் அடுத்த பருவத்தைத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது என்பது அவ்வாராய்ச்சிகளின் சாரம். அவருடைய பெயரால் 'பேராசிரியர் பிளாவ்' என்றே ஒரு நீல ஐரிஸ் வகை இருக்கிறது. இன்று கிழங்கு வியாபாரிகள் செய்வது இதுதான்: தோண்டியெடுத்த கிழங்கை முதலில் 30 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில் சில காலம் வைக்கிறார்கள், பிறகு 9 டிகிரி அளவில் ஏறக்குறைய ஆறு வாரம் குளிரூட்டுகிறார்கள். கோடையையும் குளிர்காலத்தையும் ஓர் அறைக்குள்ளேயே உண்டாக்கிக் கிழங்கிற்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதே காரியத்தைச் சிறிய அளவில் நாமும் வீட்டில் செய்யலாம்.

முதலாவது, கிழங்கு வாங்குதல். செப்டம்பர் மாதத்தில் நாற்றுப் பண்ணைகளிலும் இணையக் கடைகளிலும் விசாரியுங்கள். கிழங்கின் சுற்றளவு 8 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். 10 இருந்தால் மிகவும் நல்லது. கையில் எடுத்தால் கனமாகவும் கெட்டியாகவும் இருக்கவேண்டும். அடித்தட்டு மென்மையாகவோ நீலப் பூசணம் பூத்தோ இருப்பதை விலக்கிவிடுங்கள். ஏற்கெனவே குளிரூட்டியதா, இல்லையா என்பதையும் விற்பவரிடம் தவறாமல் கேளுங்கள். வெளிநாட்டில் உள்ள மகனோ மகளோ வரும்போது, பெட்டிக்குள் கிழங்கைப் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் அந்நாட்டு அதிகாரிகளின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கிழங்குகளைக் கொண்டுவரலாகாது. ஒரு கிழங்கோடு வரும் நோய் ஊர்ப் பயிர் முழுவதையும் பற்றக்கூடும் என்பதனால் ஏற்பட்ட விதி இது.

இரண்டாவது, குளிரூட்டுதல். செப்டம்பர் இறுதியில் கிழங்குகளைத் துளையிட்ட காகிதப் பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியில் காய்கறி வைக்கும் அடித்தட்டில் ஆறு முதல் எட்டு வாரம் வைத்திருங்கள். உறைபனி அறையில் வைத்தால் கிழங்கு கெட்டுவிடும். பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டினால் வியர்த்து அழுகும். பையின்மேல் பெரிய எழுத்தில் 'பூக்கிழங்கு, உண்ணத் தகாதது' என்று எழுதி வையுங்கள். இதை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டு நான் வைத்திருந்த பையை எடுத்து வந்து, "சின்ன வெங்காயத்தை எதற்கடா இப்படி ஒளித்து வைத்திருக்கிறாய்?" என்று என் தாயார் கேட்டபோது, சாம்பாருக்குப் புளி கரைத்தாகிவிட்டது. மேல் தோலை உரித்த ஐரிஸ் கிழங்கிற்கும் வெங்காயத்திற்கும் அவ்வளவு ஒற்றுமை. ஐரிஸ் கிழங்கு நச்சுத்தன்மை உடையது; உண்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். குழந்தைகளும் வளர்ப்பு நாய்களும் உள்ள வீட்டில் இதைப்பற்றி மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியில் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. பழுத்த ஆப்பிள், வாழை முதலியவற்றை அதே தட்டில் வைக்கக்கூடாது. பழங்கள் கனியும்போது எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. நம் ஊரில் வாழைத்தாரை மூடிய அறையில் வைத்துப் புகை போட்டுப் பழுக்கவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புகையில் இருப்பதும் இதே வாயுதான். ஜப்பானிய விவசாயிகள் உறங்கும் ஐரிஸ் கிழங்குகளுக்குப் புகை காட்டிச் சிறிய கிழங்கையும் பூக்கச் செய்யும் முறையைக் கையாண்டிருக்கிறார்கள். உறக்கத்தில் அளவாகக் கிடைத்தால் தூண்டுகோலாகும் அந்த வாயு, முளையும் மொட்டும் உருவாகும் காலத்தில் கிடைத்தால் மொட்டைக் கருக்கிவிடும். அளவறிந்து புகை போடுவது வீட்டில் இயலாத காரியம். பெரிய கிழங்காகப் பார்த்து வாங்கிவிட்டால் அதற்கு அவசியமும் இல்லை.

மூன்றாவது, நடுதல். நவம்பர் நடுவில், அடைமழை ஓய்ந்து இரவுகள் குளிரத் தொடங்கியபின் நடவேண்டும். டூலிப் மலருக்கும் ஐரிஸ் மலருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. டூலிப்பின் பூங்கரு கிழங்கு உறங்கும் கோடையிலேயே உள்ளே அமைந்துவிடும். ஐரிஸின் பூங்கருவோ குளிர் பெற்றபின்தான், பெரும்பாலும் நட்டபிறகுதான் அமையும். எனவே நட்ட முதல் சில வாரங்கள் மிக முக்கியமானவை. அப்போது தொட்டி சூடேறக்கூடாது. சிமெண்டுத் தொட்டியையும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியையும்விட மண்தொட்டியே உத்தமம். ஒரு பெரிய மண்தொட்டிக்குள் சிறிய மண்தொட்டியை வைத்து, இடைவெளியில் மணலை நிரப்பி ஈரமாக வைத்திருந்தால், மண்பானை தண்ணீரைக் குளிர்விப்பது போலவே அது வேரையும் குளிர்ச்சியாக வைத்திருக்கும். செலவில்லாத இந்த உபாயம் எனக்குப் பெரிதும் உதவிற்று.

அத்திபெலேயின் செம்மண் மழையில் இறுகிவிடும் தன்மை உடையது. ஆகையால் இரண்டு பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு மணலும் ஒரு பங்கு நன்கு மக்கிய எருவும் கலந்துகொள்ளுங்கள். புதுச்சாணம் கலந்தால் கிழங்கு அழுகும். பத்து அங்குலத் தொட்டியில் ஆறு கிழங்குகள் நடலாம். கூரிய முனை மேலே இருக்க, கிழங்கின்மேல் நான்கு விரற்கடை மண் மூடும்படி நடவேண்டும். தொட்டி, காலைவெயில் ஐந்தாறு மணிநேரம் படும்படியும் பிற்பகல் வெயில் படாதபடியும் கிழக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வெப்பம் என்று அஞ்சி முழு நிழலில் வைத்தால் வெளிச்சக் குறைவினாலேயே மொட்டு கருகிவிடும். தண்ணீர் மிதமாக, ஆனால் இடைவிடாமல் கொடுக்கவேண்டும். இலை வளரும் பருவத்தில் ஒருமுறை மண் முற்றிலும் காய்ந்துவிட்டாலும், உள்ளே இருக்கும் மொட்டு உலர்ந்துபோகும். வெளியே இலை பசுமையாகவே இருப்பதால் அது நமக்குத் தெரியவும் தெரியாது.

பகைவர்கள் மூவர். அசுவினிப் பூச்சி இளந்தளிரில் கூடிச் சாற்றை உறிஞ்சுவதோடு தேமல் நோயையும் பரப்பும். இலையில் மஞ்சள் கோடுகள் கண்டால் அச்செடியைப் பிடுங்கி அழித்துவிடுவதே நன்று. ஆப்பிரிக்கப் பெருநத்தை பெங்களூர்ப் பகுதித் தோட்டங்களில் பெருகிவிட்டது. இரவில் விளக்கோடு சென்று கையுறை அணிந்து அதைப் பொறுக்குவதே தக்க வழி. மூன்றாவது பகை அதிகத் தண்ணீர். தொட்டியின் அடித்துளை அடைபட்டிருந்தால் அதைவிடப் பெரிய பகை வேறில்லை.

இவ்வளவும் செய்தால், எட்டு முதல் பத்து வாரங்களில், பொங்கலுக்கும் குடியரசு தினத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் மொட்டு வெளிவரும். லால்பாக் தோட்டத்தில், 1889-இல் அடிக்கல் நாட்டி எழுப்பிய கண்ணாடி மாளிகையில் மலர்க்காட்சி நடைபெறும் காலமும் அதுவே. நட்ட அத்தனை கிழங்கும் பூக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். இரண்டாம் ஆண்டு நான் நட்ட பன்னிரண்டில் ஏழு பூத்தன. நம் பகல் வெப்பத்தில் அது நல்ல பலன் என்றே கொள்ளவேண்டும். பூவைப் பறித்து ஜாடியில் வைக்க விரும்பினால், மொட்டின் நுனியில் நிறம் தெரிந்தவுடன் அதிகாலையில் பறியுங்கள். நான்கைந்து நாள் கண்ணுக்கு விருந்தளிக்கும். மணம் பெரிதாக இராது.

பூத்து முடிந்தபின் என்ன செய்வது? பலரும் ஏமாற்றம் அடைவது இவ்விடத்தில்தான். ஐரிஸின் தாய்க்கிழங்கு ஆண்டுதோறும் அழிந்து, அதன் இடத்தில் புதிய சேய்க்கிழங்குகள் தோன்றும். அவை பருத்து வளர நீண்டதொரு குளிர்ந்த வசந்தம் வேண்டும். அத்திபெலேயிலோ பிப்ரவரி கடந்ததும் வெயில் ஏறி, ஏப்ரலில் 34 டிகிரியைத் தொடும். இலைகள் விரைவில் மஞ்சளித்துப் போகும். சேய்க்கிழங்குகள் சிறுத்தே நிற்கும். அவற்றை மண்ணிலேயே விட்டால் மே மாத மழையில் அழுகிவிடும். ஆவல் உள்ளவர்கள், இலை காய்ந்ததும் தோண்டியெடுத்து நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான கூடையில் கோடை முழுவதும் தொங்கவிட்டு, செப்டம்பரில் மீண்டும் குளிரூட்டிப் பார்க்கலாம். நானும் பார்த்தேன். மூன்றாம் ஆண்டு எனக்குக் கிடைத்தவை இலைகளே.

ஆகையால் நான் கண்ட முடிவைச் சொல்லிவிடுகிறேன். அத்திபெலேயில் டச்சு ஐரிஸ் ஒரு விருந்தாளி. விருந்தாளி வருமுன்னே படுக்கையும் உணவும் ஆயத்தம் செய்கிறோம். இருக்கும் நாட்களில் குறைவற உபசரிக்கிறோம். விடைபெறும்போது, ஏன் தங்கவில்லை என்று கோபிப்பதில்லை. ஆண்டுக்கு ஆறு கிழங்கு, ஒரு தொட்டி என்ற அளவில் வைத்துக்கொண்டால் செலவும் மிகாது, மனமும் வருந்தாது. வீடு நிறைய ஐரிஸ் வேண்டும் என்று நூறு கிழங்கு வாங்குகிறவர் வருந்துவது திண்ணம்.

விருந்தாளியோடு கூட, வீட்டிலேயே தங்கிக் குடித்தனம் செய்யும் செடிகளும் வேண்டுமன்றோ? அவற்றில் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். ஐரிஸ் குடும்பத்தைச் சேர்ந்ததும், பிரேசில் நாட்டிலிருந்து வந்ததுமான 'நடக்கும் ஐரிஸ்' என்ற செடி பெங்களூர் வீடுகளில் நன்றாக வளர்கிறது. பூ ஒருநாள்தான் இருக்கும். பூத்த தண்டின் நுனியில் ஒரு குட்டிச் செடி தோன்றி, அதன் பாரத்தால் தண்டு வளைந்து மண்ணைத் தொட்டு வேர்விடும். இவ்வாறு ஒவ்வோர் அடியாக அது நடந்து செல்வதால் இப்பெயர் ஏற்பட்டது. செம்மஞ்சள் நிறத்தில் சிவந்த புள்ளிகளோடு பூக்கும் இன்னொரு செடி உண்டு. நெடுங்காலம் அதை வேறு இனமாகக் கருதியிருந்த தாவர நூலார், 2005-இல் அதையும் ஐரிஸ் இனத்திலேயே சேர்த்துவிட்டார்கள். அதற்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டியதில்லை.

மணம் விரும்புவோருக்கு நிலச்சம்பங்கி இருக்கிறது. கன்னடத்தில் அதைச் சுகந்தராஜா என்பார்கள். அதுவும் மெக்சிகோவிலிருந்து வந்து நம்மோடு கலந்துவிட்ட கிழங்குச் செடியே. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட சிருங்கார், சுவாசினி, பிரஜ்வல், வைபவ் முதலிய வகைகள் இப்பகுதி மண்ணுக்கு ஏற்றவை. ஒருமுறை நட்டால் இரண்டு மூன்று ஆண்டுகள் பூக்கும்.

இவை எல்லாவற்றிலும் எளியது நம் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் அதுவே. கார்த்திகைப் பூ என்றும், கிழங்கு கலப்பையின் வடிவாக இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். மூலனூர்ப் பகுதியில் விதைக்காகவே அதைப் பயிரிடுகிறார்கள். அதன் உறக்கம் வேறுவிதமானது. தை முதல் சித்திரைவரை வறண்ட மண்ணில் உறங்கி, கோடைமழை விழுந்ததும் விழித்து, இலைநுனியையே பற்றுக்கம்பியாக்கிக் கொடியேறி, ஐப்பசி கார்த்திகையில் பூக்கும். தமிழ்நாட்டு மழைக்கும் அத்திபெலே மழைக்கும் உள்ள சிறு வேற்றுமையை அது பொருட்படுத்துவதே இல்லை. அதன் எல்லாப் பாகமும், சிறப்பாகக் கிழங்கு, கொடிய நஞ்சு என்பதை மட்டும் மறக்கலாகாது; குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் அதை வையுங்கள்.

என் வீட்டுக் காந்தள் கடையில் வாங்கியதன்று. தை மாதத்தில் வந்தபோதே, உறங்கும் கிழங்குகள் இரண்டைப் பழந்துணியில் சுற்றி என் தாயார் கொண்டுவந்திருந்தார். வைகாசியில் அவரே வேலியோரம் கொத்தி நட்டார். ஐப்பசியில் அது பூத்தது. என் ஐரிஸ் பூத்தது அதற்கடுத்த தையில். பொங்கல் கழிந்ததும் ஊருக்குப் போவதென்று பெட்டியைக் கட்டிவைத்திருந்த அவர், அந்த நீலப் பூவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அதன் ஊர்க் குளிரைக் கொடுத்தாய், பூத்தது" என்றார். பிறகு வேலியோரம் போய், கொடி காய்ந்து கிடந்த இடத்தை விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, "கிழங்கு உறங்குகிறது, தோண்டாதே. முளைக்கும் வரையில் இருந்துவிட்டுப் போகிறேன்" என்றார். அது முளைத்தது, பூத்தது, மறுபடியும் உறங்கியது. அவர் பெட்டியின் கட்டை அவிழ்த்து வெகுநாளாகிறது.

நேயர்களே, சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய கிழங்காக வாங்குங்கள். செப்டம்பர் இறுதி முதல் ஆறு எட்டு வாரம் பழங்களுக்கு அப்பால் வைத்துக் குளிரூட்டுங்கள். நவம்பர் நடுவில் மண்தொட்டியில், காலைவெயிலில் நடுங்கள். மண் காயவும் வேண்டாம், தேங்கவும் வேண்டாம். பூத்தபின் விடைகொடுத்து அனுப்புங்கள். எந்தப் புதிய செடியை வாங்கினாலும், விலையைக் கேட்கும் முன்னே, அதன் ஊரில் எந்த மாதம் மழை என்று கேளுங்கள்.